காலியாக விட்ட பாதித் தாள்

ஓடுகிற காவிரியில் தாமரை பூக்காது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் தினமும் முங்கிக் குளித்த ஒரு மனிதருக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எங்கள் டிசைன் மாஸ்டர்; ஸ்ரீரங்கத்துக்காரர். தென்னூரில் ஓர் ஓவியப் பள்ளியில் நான் டிராயிங் டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட் வாங்கினால் வேலை, வாங்காவிட்டால் கல்யாணம். என்னைப் பெற்ற அத்தா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

அத்தா பினாங்கில் துணிக்கடை வைத்திருந்து திரும்பியவர். பக்கத்துக் கடைச் சீனர் கொடுத்த படம் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்கியது. கீழ் மூலையில் ஒரு படகு, உச்சியில் மலையின் நுனி, நடுவில் ஒன்றுமே இல்லை. சின்ன வயதில், "உங்கள ஏமாத்திட்டாங்க அத்தா, பாதிப் படத்தைக் குடுத்துட்டாங்க" என்று அழுதிருக்கிறேன்.

"அது தண்ணிம்மா. வரையாம விட்டிருக்காங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

ஓர் ஆடி மாதம் காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. கீழே கரை தெரியாத வெள்ளம், ஓரத்தில் ஒரே ஒரு பரிசல். படத்தின் நடுவில் இருந்தது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பள்ளியிலோ ஓர் அங்குலம் இடம் விடக்கூடாது. மாங்காய், அன்னம், கொடி என்று அடைத்துத் தள்ள வேண்டும். அடைப்பது தப்பில்லை, கோபுரமும் அப்படித்தான் நிற்கிறது. அது ஒன்றுதான் அழகு, மற்றதெல்லாம் சோம்பேறித்தனம் என்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசிப் பரீட்சைக்குக் கதவுத் திரை டிசைன். மூலையில் பரிசலை வரைந்து, மீதியை விட்டுவிட்டேன். சீனாவோடு சண்டை வந்த வருஷம் அது.

"என்னம்மா இது, பாதித் தாள் சும்மா கிடக்கு?"

"அது தண்ணி சார். சீனாக்காரங்க படத்துல இப்படித்தான்..."

மாஸ்டர் முடிக்க விடவில்லை. "எல்லையில நம்ம பையங்க சாகறாங்க. நீ இங்க சீனாக்காரன் படம் போடறியா?"

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. முந்தின வாரம்தான் என் அம்மா யுத்த நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அதை இவரிடம் சொல்லி நான் யார் என்று நிரூபிக்க வேண்டுமா? படையெடுத்தவர்கள் மேல் எனக்கும் ஆத்திரம்தான். அதற்காக எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? அவர் வீட்டில் வடை பொரிக்கிற சீனாச்சட்டியைத் தெருவில் வீசினாரா?

பரிசளிப்பு நாளில் என் படத்துக்கு முதல் பரிசு என்றார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பரிசல் இருந்தது. அதைச் சுற்றித் தாமரை, அன்னம், மீன் என்று எறும்பு நுழைய இடமில்லை. எல்லாம் அவர் கைவேலை.

"உன்னைக் காப்பாத்தத்தான்மா செஞ்சேன். அப்படியே விட்டிருந்தா பெயில்தான்" என்றார், பிரியமாக. அந்தப் பிரியத்தைத்தான் நான் மன்னிக்கவே இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் அத்தா உட்கார்ந்திருந்தார். மேடையேறி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பரிசல் மட்டுந்தான் சார் நான் போட்டது. மத்ததெல்லாம் நீங்க போட்டது, பரிசையும் நீங்களே வெச்சுக்கங்க."

சர்டிபிகேட்டை நிறுத்திவிட்டார்கள். கல்யாணப் பேச்சுதான் இனி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தா கூடத்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த வருஷம் எழுதும்மா" என்றார்.

எழுதினேன். அதே பரிசல், அதே பாதித் தாள் காலி. பரீட்சை மேற்பார்வைக்கும் அந்த மாஸ்டரே வந்திருந்தார். வர்ணம் காயும் வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. காய்ந்ததும் தாளை உறையில் போட்டு, என் கையாலேயே ஒட்டி, அதன் பிறகுதான் அவரிடம் நீட்டினேன்.