இடுப்பில் குழந்தையோடு ஓர் இன்டர்வியூ

என் அண்ணன் எந்த இன்டர்வியூவிலும் தேறியதில்லை. அதனாலேயே இன்டர்வியூவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அவனுக்குத்தான் அத்துப்படி. பி.எட். முடித்த கையோடு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் வந்ததும் என்னைக் கூடத்தில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தான்.

"கதவைத் தட்டு. மே ஐ கம் இன் சார்னு கேளு. உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும். கைய டேபிள் மேல வைக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." கூடப் பிறந்தவன் அல்லவா, என்னைத் தெரியும். "முக்கியமா, அங்க போயி வாயாடாத" என்று முடித்தான்.

மறுநாள் காலை மாடம்பாக்கத்திலிருந்து தன் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டான். வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் போகும் வழியில் இருந்த தனியார் பள்ளி அது. மே மாதம், பிள்ளைகள் இல்லாமல் கட்டடமே வெறிச்சென்று இருந்தது. கணக்கு டீச்சர் வேலை, ஒரே ஓர் இடம். அதற்கு நாங்கள் நான்கு பெண்கள் ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த பெஞ்சை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. ஒருத்திக்குக் கிடைத்தால் மற்ற மூன்று பேருக்கும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தி புடவை மடிப்பை இன்னொருத்தி குனிந்து சரிசெய்தாள். ஊக்கு கேட்டால் தாலியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். உள்ளே போய்விட்டு வருகிறவள் என்ன கேட்டார்கள் என்று சொல்லாமல் வீட்டுக்குப் போக மாட்டாள். "பின்னத்துலதான் கேக்குறாங்க, நல்லா பாத்துக்கோங்க. அந்த மேடம் சிரிக்கவே மாட்டாங்க, அதுக்காக பயந்துடாதீங்க" என்று முதலில் போய்வந்தவள் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் இன்டர்வியூ கொடுக்கிறார்கள். தனக்கு முன்னால் போனது யார், பின்னால் வருவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பாவமாக இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கோவிலம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவள் மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. அன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்குக் காலையில் காய்ச்சலாம். வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"போற எடத்துல எல்லாம் இதைத்தான் கேக்குறாங்கம்மா, கொழந்தைய யாரு பாத்துப்பாங்கன்னு. அப்புறம் போன் பண்றோம்னு அனுப்பிடுறாங்க. அதான் இங்க கொழந்தை இருக்குன்னே சொல்லல. இந்த ஜூன்ல சேரலன்னா இனிமே வேலைங்கற பேச்சே கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு" என்றாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு அஞ்சு நிமிஷம் வெச்சுக்கிறியாம்மா?" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது என்னைப் பார்த்தது, என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தது, சமாதானமாகிவிட்டது. அவள் வெளியே வந்ததும் நிற்கக்கூட விடாமல் டெமோ கிளாஸ் எடுக்க மாடிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்த வேண்டும், ஒரு சீனியர் டீச்சர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். மற்ற இரண்டு பேரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். வராந்தாவில் நானும் குழந்தையும்தான்.

அப்போது பார்த்து ஆயா வந்து நின்றாள். "அடுத்தது நீதாம்மா. சீக்கிரம் போ, பிரின்சிபால் அம்மா ஏற்கெனவே பேஜாரா கீறாங்க."

குழந்தையை ஆயாவிடம் நீட்டினேன். அது போட்ட கூச்சலில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, தூக்கினு உள்ள போறியா?" என்றாள் ஆயா.

வேறென்ன செய்ய? தூக்கிக்கொண்டுதான் போனேன். கதவைத் தட்டக் கை இல்லை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் சர்ட்டிஃபிகேட் ஃபைல். தோளால் கதவைத் தள்ளி "மே ஐ கம் இன்" என்று ஆரம்பித்தேன். "சார்" சொல்வதற்குள் குழந்தை என்னைவிடச் சத்தமாக "ஆ" என்றது. கரஸ்பாண்டென்ட் நிமிர்ந்து பார்த்தார். பிரின்சிபால் மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்காரச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

மேஜைமேல் ஆளைக் கூப்பிடும் மணி ஒன்று இருந்தது. குழந்தை தாவி அதில் ஓர் அடி வைத்தது. டிங். ஆயா ஓடிவந்து, "கூப்ட்டீங்களா சார்?" என்றாள். இல்லை என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடியும் டிங். போன ஆயா திரும்பி வந்தாள். கரஸ்பாண்டென்ட் மீசைக்குள் சிரித்தார். மேடம் மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"அன்மேரீட்னு போட்டிருக்கீங்க."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் அந்த வரியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாருடையது என்று சொன்னால் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவளின் கதை அங்கேயே முடிந்தது. சொல்லாவிட்டால், நான் வீடு போய்ச் சேருமுன் என்னைப் பற்றிய செய்தி மாடம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

"தெரிஞ்சவங்க குழந்தை மேடம். இப்போ வந்துடுவாங்க" என்றேன்.

"ஒரு இன்டர்வியூக்கு எப்படி வரணும்னு தெரியாதா? டிசிப்ளின் சொல்லிக்கொடுக்க வேண்டிய டீச்சரே இப்படி வந்தா? நாளைக்கு கிளாஸுக்கும் இப்படித்தான் வருவீங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே சொல்லியிருப்பேன். பிறகு, அரையைக் காலால் வகுத்தால் எவ்வளவு, அதை ஆறாம் வகுப்புக்கு எப்படிப் புரியவைப்பீர்கள் என்று கேட்டார். "அரை தோசையில எத்தனை கால் தோசை இருக்குன்னு கேப்பேன் மேடம். ரெண்டுன்னு பசங்களே சொல்லிடுவாங்க" என்றேன். கரஸ்பாண்டென்ட் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். மேடத்தின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. வேலை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. டெமோ முடிந்து சீனியர் டீச்சரோடு அக்கா இறங்கிவந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு அந்தக் குரல் போதும். "ம்மா" என்று உடம்பு முழுவதையும் வாசல் பக்கம் சாய்த்து இரண்டு கையையும் நீட்டியது. அக்கா கதவருகே வந்து அப்படியே நின்றுவிட்டாள். போய்விடு என்று கண்ணாலேயே சொன்னேன். நான்கு எட்டு வைத்து வராந்தாவைக் கடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தை வீறிட்டு அழுதது. அவள் யாரையும் கேட்கவில்லை, உள்ளே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எம் பொண்ணு மேடம்."

மேடம் ஃபைலை மூடினார். "அப்போ நீங்க ஸ்கூலுக்கு வந்துட்டா குழந்தையை யாரு பாத்துப்பாங்க?" என்றார். பதில் வேண்டும் என்று கேட்ட கேள்வியாக அது இல்லை. அக்கா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"நான் பாத்துப்பேன்" என்றேன்.

கரஸ்பாண்டென்ட் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? நீங்களும் இதே வேலைக்குத்தானேம்மா வந்திருக்கீங்க?"

"அவங்களுக்குக் குடுத்துட்டீங்கன்னா எனக்கு வேலை இல்லையே சார். வீட்லதான் சும்மா இருப்பேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற சீனியர் டீச்சர் மெதுவாக, "கிளாஸ் ரொம்ப நல்லா எடுத்தாங்க மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் போன் அக்காவுக்குத்தான் போனது. அவளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்றது நிஜம்தானா என்றும் கேட்டாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இன்டர்வியூக்குப் போயி எதிராளிக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாரு! நானாவது எனக்குத்தான் கெடைக்காம வந்தேன்." எனக்கே என்மேல் எரிச்சல்தான். கொஞ்சம் அழவும் அழுதேன். அம்மா மட்டும், "கொண்டாந்து விடட்டும். ஒரு கொழந்தைதானே" என்றாள்.

ஜூன் மாதம் முதல் அக்கா தினமும் காலையில் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்து தூக்கிப் போவாள். அந்த ஒரு வருடம் மாதிரி எனக்கு இன்னொரு வருடம் வாய்க்கவில்லை. குழந்தை முதன்முதலாகத் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதும், கேனை விட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்து விழுந்ததும் எங்கள் கூடத்தில்தான். மத்தியானம் என் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கும், மூச்சு விட்டால்கூட எழுந்துவிடுமோ என்று நான் அசையாமல் கிடப்பேன். சோறு ஊட்டக் கோயில் பிரகாரத்துக்குத் தூக்கிப்போனால் புறாவுக்குப் பாதி, அவளுக்குப் பாதி. அண்ணன்கூட வேலை தேடிப் போய்வந்த வெயிலோடு அவளை வண்டியில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் சாப்பிடுவான்.

அடுத்த மே மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் எனக்கு இன்டர்வியூ வந்தது. இந்த முறை கதவைத் தட்டி, கேட்டு, சொன்னபிறகே உட்கார்ந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். நியாயமாகக் குதித்திருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் வரும்போது, நாளைக்கு அவளை யாரிடம் விடுவது என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் ஒன்று பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் கணவருக்கு மாற்றல் வந்து கோயம்புத்தூர் போய்விட்டார்கள்.

போன மாதம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் என்னைவிட உயரமாக அவள் பெண், கல்லூரியில் படிக்கிறாளாம். என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னாள். தன் நாற்காலியைக் கொடுத்தாள். "சாப்டீங்களா ஆன்ட்டி? அம்மா உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காங்க" என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நல்ல வளர்ப்பு என்று அக்காவிடம் மனதாரச் சொன்னேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் இடுப்பிலேயே கிடந்தவளுக்கு என்னிடம் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?