மெஹ்ருன்னிசா வண்டியின் பிக்கப்

திருவண்ணாமலை ஆட்டோக்காரர்களிடம் 'ஆக்சிலரேஷன்' என்று சொல்லிப் பாருங்கள், பாடம் நடத்த வந்த ஆள் என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்கள் சொல் பிக்கப். ஸ்பீடு வேறு, பிக்கப் வேறு. நின்ற வண்டி எவ்வளவு சட்டென்று வேகம் பிடிக்கிறது என்பதுதான் பிக்கப். படுத்த வியாபாரம் எழுந்தாலும், காய்ச்சலில் கிடந்தவன் தேறினாலும் இங்கே அதே சொல்தான். ஷேர் ஆட்டோவுக்கோ அதுதான் சோறு. அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவர்களை முந்திப்போய் ஏற்றினால்தான் பிழைப்பு.

மெஹ்ருன்னிசாவின் வண்டிக்கு அது இல்லை. கணவர் காசிம் மாரடைப்பில் போய், விதவை வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா காலம் முடிந்ததும் அவளே அதை பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் ஓட்டினாள். காலி வண்டியே கனத்த ஆளை ஏற்றியது போல முக்கிக்கொண்டு கிளம்பும். கலெக்டர் ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படியே போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். காசிம் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

மெக்கானிக் பலராமன் கார்புரேட்டரைக் கழுவினான், கிளட்ச் பிளேட் மாற்றினான். அவன் ஓட்டினால் வண்டி பறந்தது. அவள் ஓட்டினால் படுத்தது. கடைசியில் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "ஓட்டுங்கக்கா, பாக்கறேன்" என்றான். பட்டப்பகல். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள்.

"அக்கா, நிறுத்துங்க." அவன் குரலே மாறிவிட்டது. "ஏன் இப்படி ஓரமா ஒண்டிக்கினு உக்காந்திருக்கீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். டிரைவர் சீட்டின் வலது பாதியில்தான் இருந்தாள். இடது பாதி, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது காசிம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த இடம். அங்கே ரெக்சின் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

"நடுவுல உக்காருங்கக்கா. எதையும் யோசிக்காதீங்க."

நகர்ந்தாள். வெயில் படாத அந்த இடம், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. முறுக்கியதுதான் தாமதம், வண்டி துள்ளிப் பாய்ந்தது.

"பிக்கப் வந்துடுச்சுக்கா!" பலராமன் சிரித்தேவிட்டான்.

அவளோ பட்டென்று பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் ஒருவருமில்லை. என் மனிதரை நடுவழியில் இறக்கிவிட்டு வந்துவிட்டேனே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி வலது ஓரமாக ஒண்டி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள். பலராமன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி நடையைக் கட்டினான். அவன் இறங்கிய பிறகுதான் வண்டி இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

மறுநாள் காலை, ஆபீஸ் போகிற ஒருவர் பின்சீட்டிலிருந்து அலுத்துக்கொண்டார். "என்னம்மா, வண்டியில பிக்கப்பே இல்ல?"

"இதுக்குக் கம்மிதாங்க. அவசரம்னா வேற வண்டி பாருங்க."

அவர் இறங்கினார். கூட இருந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். சம்பாத்தியம் குறைந்தால் குறையட்டும். மெஹ்ருன்னிசா இடப்பக்கம் திரும்பி, "போலாமாங்க?" என்றாள்.