மிளகும் பாலும்தான்

த்ரிசலா டீச்சர் மகனோடு பேசி ஆறு நாள் ஆகிறது. ரோமிலிருந்து அவன் போன் அடித்துக்கொண்டேயிருக்கிறான். இவர் எடுப்பதாக இல்லை. போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பேப்பரையும் மடித்துப் போட்டிருக்கிறார். இத்தனைக்கும் ஒரே பிள்ளை. அவன் பேச்சை எடுத்தாலே டீச்சருக்கு முகம் மலர்ந்துவிடும் என்று தெருவே கேலி செய்யும். இப்போது அஜிதன் என்று யாராவது வாயெடுத்தால், "அவன் பேச்ச விடுங்க" என்று வெட்டிவிடுகிறார்.

டீச்சர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜைனக் குடும்பம். நெல்லும் மணிலாக் கடலையுமாகப் பயிர் வைத்த வீட்டிலிருந்து முதன்முதலாக வேலைக்குப் போனவர். திருவண்ணாமலையில் அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார். பொழுது சாய்ந்தபின் சோறு கிடையாது. தேர்தல் வேலைக்குப் போன இடத்தில் மற்றவர்களுக்கு எட்டு மணிக்குப் பொட்டலம் வரும். இவர் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியை அஞ்சரைக்கே முடித்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பார். கிழங்கு கிடையாது, தேன் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. இதை வைத்து அவர் யாரையும் மட்டம் தட்டியதில்லை. அவருடைய கட்டுப்பாட்டில் யாரும் கை வைத்ததும் இல்லை, பெற்ற பிள்ளை வைக்கும்வரை.

கணவர் இறந்த மறுவருஷம் அஜிதன் மூன்று மாதத்துக்கு அம்மாவை ரோமுக்கு அழைத்துக்கொண்டான். அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினீயராக இருக்கிறான். சில வாரம் ரசம் சாதத்திலேயே ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்குப் பிடித்த ஓட்டல் ஒன்று இருக்கிறது, வா என்றான். சந்துக்குள் ஏழெட்டு மேஜை போட்ட பழைய இடம். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. சாயங்காலம் கதவு திறப்பதே ஏழரைக்குத்தான்.

"ஏழரைக்கு மேல நான் எங்கடா சாப்பிடறது?"

"இங்க பொழுது சாய எட்டே முக்கால் ஆவும்மா. வெளிய பாரு."

வெளியே நம்மூர் நாலு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். கட்டுப்பாடு கடிகாரத்துக்கு இல்லை, சூரியனுக்குத்தான் என்று ஒரு முடிவுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

அங்கே வந்த ஸ்பகெட்டியில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, தக்காளிகூட இல்லை. கொரகொரவென்று இடித்த மிளகு, துருவிய சீஸ், ஸ்பகெட்டி வெந்த தண்ணீர், அவ்வளவுதான். டீச்சர் முதலில் சந்தேகத்தோடு நாலு இழையை எடுத்து வாயில் வைத்தார். அப்புறம் பேச்சே இல்லை. தட்டு காலியானபிறகுதான் தலையைத் தூக்கினார்.

"இதுல வேற ஒண்ணும் இல்லியே?"

"மிளகும் பாலும்தாம்மா. ஆட்டுப்பாலு" என்றான் அஜிதன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறவில்லை. ஓட்டல்காரப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். இந்த அம்மாள் சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டாக வேண்டும் என்று தெரிந்ததும், மேற்கே பார்த்த வாசல் மேஜையை டீச்சருக்கென்றே ஒதுக்கிவிட்டாள். யார் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாலும் முதல் தட்டு இவருக்குத்தான். முணுமுணுத்த ஒரு ஆளை அவள் போட்ட போட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எட்டு ஞாயிறு இப்படிப் போனது. ஊருக்குக் கிளம்பும்போது அந்த சீஸில் பெரிய துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்தாள்.

திருவண்ணாமலைக்கு வந்த டீச்சருக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஓட்டலின் புகழ்தான். நாத்தனார் சந்தனா நோன்பு முடித்துச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். சந்தனா டீச்சரைவிட நாலு பங்கு கட்டுப்பாடு. அவளுக்கு இதைச் செய்து போட வேண்டும் என்று ஆசை. ஸ்பகெட்டி வாங்கச் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்குக் கிளம்பினார். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் கலையவில்லை, ஆட்டோ எதுவும் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றது. வேகாத வெயிலில் நடந்தே போனார். எவ்வளவு துருவுவது என்று கேட்கலாம் என்று சீஸையும் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கடையை நடத்துவது ஓர் இத்தாலிக்காரி. இருபது வருஷத்துக்கு முன் மலையைப் பார்க்க வந்தவள், அருணாதேவி என்று பெயரை மாற்றிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். காகிதத்தைப் பிரித்து மோந்து பார்த்ததும் அவள் முகம் கனிந்தது. அப்புறம் டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க ஜைனர் வீடுதானே? இது நீங்க சாப்பிட மாட்டீங்க."

"ஏன்? பால்தானே?"

"பால்தான். ஆனா உறை பால் இல்ல. குட்டி ஆடு. வெட்டி, வயிறு எடுத்து, அதுலேர்ந்து செய்யற உறை. எங்க ஊர்ல பழைய சீஸ் நெறைய அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும்."

டீச்சர் காகிதத்தைத் திரும்ப மடித்துச் சுற்றினார். வெங்காயம் உண்டா, கிழங்கு உண்டா, சூரியன் எப்போது இறங்கும் என்று எல்லாம் கேட்டவர், உறை எது என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? நம் வீட்டில் உறை என்றால் நேற்றைய மோர். அதற்கு ஓர் உயிர் போகும் என்று எந்தக் கனவில் தோன்றும்? கட்டியைக் குப்பையில் வீச மனம் வரவில்லை. அன்போடு கொடுத்தவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அருணாதேவியிடமே விட்டுவிட்டு, கடை வாசலில் நின்றபடியே மகனுக்கு அடித்தார்.

"அந்தச் சீஸ்ல என்னா உறைன்னு உனக்குத் தெரியுமாடா?"

"மொத நாளே தெரியும்மா" என்றான். "அப்பா போனதுலேர்ந்து நீ ஒரு வாய் ஆசையா சாப்பிட்டு நான் பாக்கல. அன்னிக்கு அப்படிச் சாப்பிட்ட. எப்படிம்மா சொல்றது?"

"எனக்கு எது ஆவும் எது ஆவாதுன்னு முடிவு பண்ண நீ யாருடா? நான் என்ன கைக்கொழந்தையா, மருந்துல சக்கரைய கலந்து ஊட்டறதுக்கு?"

"தெரியாம சாப்பிட்டதுதானம்மா. உட்டுடு. அத்தைகிட்ட சொல்லாத. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்று வைத்தவர்தான்.

ஆத்திரம் அடங்கவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே, மிளகும் பாலும்தானே. பொய் சொல்லாமலே ஏமாற்றும் சாமர்த்தியத்தை எங்கே படித்தான்? எட்டு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து, தாய் சாப்பிடுவதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறான்.

சந்தனா வந்ததும் டீச்சர் வெறும் பருப்புச் சோறு போட்டார். அவள் சாப்பிட்டுக் கைகழுவியபின் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். சந்தனா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாம நடந்ததுங்க அண்ணி. எட்டு நாள் ஒருபொழுது இருங்க, போதும்."

"அவன் தெரிஞ்சு செஞ்சானே, அதுக்கு?"



மறுநாள் காலையிலிருந்து டீச்சர் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் வெண்பொங்கலுக்கு நெய்யில் மிளகு பொரித்தார்கள். டீச்சருக்கு வாயெல்லாம் ஊறியது. பொங்கலுக்கு இல்லை, அந்த ஸ்பகெட்டிக்கு. இவ்வளவு தெரிந்தபின்னும் நாக்கு கேட்கிறதே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த ஆசையை மூட்டிவிட்டவன் மேல் கோபம் இரண்டு பங்காகியது.

ஆறாம் நாள் மத்தியானம் பேப்பருக்கு அடியில் போன் விடாமல் அதிர்ந்தது. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது, டீச்சர் எடுத்தார்.

"நானும் ஒருபொழுதுதாம்மா இருக்கேன். அத்தை சொன்னாங்க" என்றான்.

"நீ பட்டினி கெடந்து எனக்கு என்னா ஆவப் போவுது? அது ஒண்ணுதானா, இல்ல அங்க நான் சாப்பிட்டதுல வேறயும் இருந்துச்சா? அதச் சொல்லு."

 

"கடசியா வெள்ளையா ஒரு பால் இனிப்பு தருவாங்களே" என்றான். "அது கெட்டியாவறதுக்கு எலும்புலேர்ந்து எடுக்கற பசையப் போடுவாங்கம்மா."

 டீச்சருக்குப் போனை அப்படியே சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் இப்போது வைத்துவிட்டால் இனி ஒருநாளும் இவன் வாயிலிருந்து உண்மை வராது என்றும் தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ம். அப்புறம்?" என்றார்.