கேள்வித்தாள் அடிக்க வாங்கிய கம்ப்யூட்டர்

"சார், வேலைக்கா? விளையாடறதுக்கா?"

தேரடி வீதியில் ஒரு மாடிக்கடை. உள்ளே புது அட்டைப்பெட்டிகளின் வாசனை... இரண்டாயிரத்து மூன்று என்று நினைவு. கேட்டவன் கடையின் முதலாளி ரவி. என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன்.

என் பக்கத்தில் நின்றவர் எங்கள் பள்ளியின் பி.டி. சார் தண்டபாணி. கம்ப்யூட்டர் அவருக்குத்தான்.

அவர் மைதானத்தில் கத்தினால் ஆய்வகத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். முட்டியில் ஆபரேஷன் செய்து, இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விசில் சட்டைப் பையிலேயே கிடக்கும். விருப்ப ஓய்வுக்கு மனு எழுதி பீரோவில் வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி செல்வி என்னிடம் சொல்லி அழுதார்.

அந்தச் சமயத்தில் பரீட்சை ரிசல்ட் பார்க்க நானும் அவரும் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கம்ப்யூட்டரில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார். தண்டபாணி அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். திடீரென்று, "லெஃப்ட்ல ஆள் இருக்கான், பாஸ் குடுய்யா!" என்று ஒரு கத்தல். அந்த மனிதர் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். மூன்று மாதத்தில் தண்டபாணி கத்தியது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் கேட்டார்: "வாத்தியாரே, இத நம்ம வூட்ல வெக்க முடியுமா?"

முடியும் என்றேன். பாகங்களாக வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ஒரு மாதம் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் படித்து லிஸ்ட் போட்டேன். பிராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க்... கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு.

அது ஏன் முக்கியம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே ஆசிரியர் பாடமும் நடத்தி, போர்டில் படமும் வரைந்தால் வகுப்பு மெதுவாகத்தான் நகரும். படம் வரைய மட்டும் இன்னொருவர் இருந்தால்? அந்த இன்னொருவர்தான் கிராபிக்ஸ் கார்டு.

இவ்வளவு தெரிந்த நான்தான் ரவியின் கேள்விக்கு முன் விழித்துக்கொண்டு நின்றேன். காரணம் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் புக் கிரிக்கெட் ஆடினான் என்று அவனை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தவன் நான். அவனிடம் போய், விளையாடத்தான் என்று எப்படிச் சொல்வது?

"கொஸ்டின் பேப்பர் அடிக்கத்தாம்பா" என்றேன். லிஸ்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தண்டபாணி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தனி கார்டு எதுக்கு சார்? போர்டுலயே இருக்கறது போதும். அதுக்கு ஏன் ஜாஸ்தி செலவு பண்றீங்க" என்று ரவி வேறொரு மதர்போர்டை எடுத்தான். பின்னால் வேண்டுமென்றாலும் தனி கார்டைச் செருக அதில் இடமே கிடையாது. தெரிந்தும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி வீட்டு டைனிங் டேபிளில் வேலை. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரு எவர்சில்வர் டம்ளரில். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. செல்வி கேசரி கொண்டுவந்து வைத்தார்.

கேம் சிடியைப் போட்டோம். ஆட்டக்காரர்கள் சேற்றில் நடப்பதுபோல நடந்தார்கள். பந்து இங்கே மறைந்து அங்கே முளைத்தது. தண்டபாணி பத்து நிமிடம் பொறுமையாகத் தட்டிப் பார்த்தார். பிறகு கீபோர்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"பரவால்ல வாத்தியாரே. கொஸ்டின் பேப்பர் அடிக்க ஆவும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். செல்வி கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பௌர்ணமி. ஊருக்குள் ஆட்டோ விடவில்லை. மத்தியானமே கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மதர்போர்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்துக்கு எதிரே நடந்தேன். ஓர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னாங்க, தப்பா சுத்துறீங்க! இந்தாண்ட திரும்புங்க" என்றார்.

ரவி பெட்டியைப் பார்த்ததும் சிரித்தான். "இன்னா சார், கொஸ்டின் பேப்பர் ஸ்லோவா வருதா?"

"ஃபுட்பால் ஸ்லோவா வருதுப்பா. விளையாடத்தான் வாங்கினேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவன் சிரிப்பு நின்றது. "அன்னிக்கே உங்க லிஸ்ட்ட பாத்தேன் சார். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழ செவப்புக் கோடு இருந்துச்சு. சார் பொய் சொல்லமாட்டாருன்னு விட்டுட்டேன்."

அவனை வெளியே நிற்க வைத்த அந்தப் பீரியடை இதைவிட நன்றாக யாரும் எனக்குத் திருப்பித் தந்திருக்க முடியாது. சரியான போர்டையும் கார்டையும் எடுத்துக் கொடுத்தவன், படி வரை வந்து, "பி.டி. சார நல்லா ஆடச் சொல்லுங்க" என்றான்.

அந்த வாரமே செல்வியிடமிருந்து போன். "அண்ணா, இவரு போடற சத்தத்துல எதிர்வூட்டுக்காரங்க சண்டையான்னு வந்து கேக்கறாங்க!" குறை சொல்கிற குரலாக இல்லை. பின்னால் "பாஸ், பாஸ்!" என்று கேட்டது. அடுத்த திங்கட்கிழமை விசில் கழுத்துக்கு வந்துவிட்டது. ஓடவில்லை... நின்ற இடத்திலிருந்தே மைதானத்தை ஆட்டிவைத்தார். அந்த மனு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெறும் வயது வரை வேலை பார்த்தார்.

இன்று அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாகங்களைப் போனிலேயே தேர்ந்தெடுத்தால் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நல்ல வசதி. ஆனால், வேலைக்கா விளையாடவா என்று முகத்தைப் பார்த்துக் கேட்க அங்கே ரவி இல்லை.

அதனால் நீங்கள் அடுத்து எதை வாங்குவதானாலும், லிஸ்டின் முதல் வரியில் அது எதற்கு என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, மற்றதை அதற்குக் கீழே எழுதிப் பாருங்கள்.