ஊக்கு போட்ட செருப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பி.எஸ்சி. படித்தவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கீர்த்தனா பிளஸ் டூ படிக்கிறாள். ஏனாத்தூர் போகிற வழியில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் டியூஷன். தினமும் கூட்டிவருவது என் கணவர்தான், தறியில் அவசர வேலை என்பதால் அன்று சாயங்காலம் முதல்தடவையாக நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் ஒரே அச்சில் கட்டிய வீடுகள். அதே மஞ்சள் சுவர், அதே கேட், அதே ஜன்னல் கம்பி. அதுகூடக் கட்டியவர் வேலை என்று விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் விளிம்பு உடைந்த ஒரு நீல பக்கெட், ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடுத்த தெருவுக்குத் திரும்பினேன், அங்கேயும் அதே உடைந்த பக்கெட். கேட்க ஓர் ஆள் இல்லை, வந்த வழியும் பிடிபடவில்லை.

அப்புறம்தான் ஒரு வாசலில் கீர்த்தனாவின் செருப்பைப் பார்த்தேன். இடது வார் அறுந்து, காலையில் நானே ஊக்கு போட்டுக் கொடுத்தது. உயிர் வந்த மாதிரி இருந்தது. கூப்பிட்டேன்.

"இதோ வந்துக்கினே இருக்கேம்மா, போய்டாத" என்று உள்ளேயிருந்து அவள் குரல்.

அந்த நேரம் போன் அடித்தது. எடுத்தால் கீர்த்தனா.

"எங்கம்மா இருக்கே? மெயின் ரோடு டீக்கடையாண்ட எவ்ளோ நேரமா நிக்கிறது? எல்லாரும் பூட்டாங்க."

என்ன நினைத்தேனோ, அந்தச் செருப்பை வாரி எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. டீக்கடை அருகே நின்றவள் காலில் செருப்பு இருந்தது, இடது வாரில் ஊக்கு.

கணவர் முதலில் சிரித்தார். "தறியில மாட்டற டிசைன் அட்டையில ஒரு ஓட்டை தப்பா உழுந்தா சேலையில எல்லா புட்டாவுலயும் அதே தப்புதான் வரும். உன் பக்கெட்டும் அப்படித்தான் போல." பிறகு இரண்டு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எதுமா நம்ம பொண்ணுது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஒரு ஜோடி இன்னும் பரணில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொல்கிறார், மனசு வரவில்லை. போய்டாத என்று சொன்னவள் வெளியே வந்து, செருப்பைக் காணாமல் வெறுங்காலோடு நின்றிருப்பாளே.