பொங்கின மாவும் போன வேலையும்

மாவு வியாபாரத்தில் முதலாளி நாமில்லை, மாவுதான். அது பொங்கினால் நாம் ஓட வேண்டும். கொரோனாவில் வேலை போய், கையில் கிடைத்த தொழிலைத் தொடங்கி முழி பிதுங்கியவர்களுக்கு இது புரியும். சென்னைப் பக்கம் கம்பெனியில் எனக்கு வேலை போனது. என் வீட்டுக்காரரின் வேனுக்குச் சவாரி நின்றது. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, கல்யாணச் சீராக வந்த கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தோம்.

எல்லாரும் முதலாளி

எங்கள் பகுதியான கருணாபுரத்தில் முதலில் நன்றாகத்தான் போனது. ஒருநாள் தெரு முழுக்கச் சுற்றியும் ஒரு பாக்கெட்கூட நகரவில்லை. பார்த்தால், கட்டட வேலை நின்றுபோன செல்வி வாசலில் பினாயில் விற்கிறாள், பக்கத்து வாசலில் மாஸ்க், எதிரே ஊறுகாய், கோடியில் என்னைப் போலவே ஒரு மாவுக்காரி. அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வியும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாரும் வித்துக்கினே இருந்தா வாங்கறது யாருக்கா?"

மலை ஏறிய மாவு

ஊரடங்கில் மூடியிருந்த மலை அருவியைத் திறந்துவிட்டார்கள், மேலே கரியாலூரில் கூட்டம் என்றார்கள். இருந்த அரிசி மொத்தத்தையும் அரைத்து, பாக்கெட் போட்டு, வேனில் ஏற்றினோம். இது போனால் அடுத்து அரைக்க அரிசி இல்லை. வெயிலிலும் வளைவுகளிலும் மாவு பொங்கி, பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் டயர் போச்சு என்று இவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

தலையெல்லாம் மாவோடு டீக்கடை வாசலில் போய் நின்றோம். கடைக்காரர் சின்னசாமி எங்களை மேலும் கீழும் பார்த்தார். வெடிக்காமல் மிஞ்சியதை அண்டாவில் கொட்டி, வெங்காயம் தூவி ஊத்தப்பம் போட்டார். அருவியில் நனைந்து வந்தவர்கள் தட்டோடு வரிசை கட்டினார்கள். அண்டா காலியானதும் சொன்னார்: "இனிமே மாவ ஏத்திக்கினு வராதீங்க. கிரைண்டர ஏத்திக்கினு வாங்க."

பழைய சூப்பர்வைசர்

அப்படியே செய்தோம். அவர் கடையை ஒட்டியே அரைத்து, சுடச்சுட வியாபாரம். ஒருநாள் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். கிரைண்டரை நிறுத்தினேன். திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒத்துக்கொள் என்று இவர் ஜாடை காட்டினார். நானோ, வர முடியாது என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். நலம் விசாரித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்: "என்னையும் அனுப்பிட்டாங்கம்மா. உங்ககிட்ட எதுனா வேலை இருக்குமா?"

கஷ்ட காலத்தில் தொழில் தொடங்குவதில் உள்ள ஒரே வசதி, நம்மை வேலையைவிட்டு அனுப்ப ஆளில்லை என்பதுதான். லீவு கேட்கவும் ஆளில்லை என்பது தொடங்கிய பிறகுதான் தெரிகிறது.