குள்ளம்மாள் தண்ணீர் குடித்த நாள்

பதினோரு மணி வாக்கில் குள்ளம்மாள் சுத்தியலைக் கீழே வைப்பார். முந்தானையில் புளிப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் எவர்சில்வர் சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். விழுங்க மாட்டார். முதலில் வலது கன்னம் உப்பும், பிறகு இடது. கண்ணை மூடிப் பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நிற்பார். பின் வாசலுக்குப் போய், அங்கே தானாக முளைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றின் அடியில் மெல்லத் துப்புவார். குனியும்போது இடுப்புக் கயிற்றில் கோத்த இரண்டு சாவிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒரு மணிக்கு இன்னொரு வாய். மூன்றரைக்கு இன்னொன்று. அவ்வளவுதான் அன்றைய தண்ணீர்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையோரத்தில் இருக்கிறது தர்மனின் புளிக் கிடங்கு. மாசி தொடங்கிச் சித்திரை முடிய அங்கே இருபத்திரண்டு பெண்கள் புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டையை வெளியே தள்ளுகிற வேலை. மூட்டை ஏற்றி இறக்கக் கருப்பண்ணனும் இன்னும் மூன்று ஆண்களும். எடை போடுவது நான். தராசு இருக்கும் மூலையிலிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிவார்கள், யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதி. குள்ளம்மாள் தூசுக்காகத்தான் வாய் கொப்பளிக்கிறார் என்று இரண்டு சீசன் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேர்தான் குள்ளம்மாள். ஆள் நல்ல உயரம். கிடங்குக்குள் தலை குனிந்துதான் நுழைவார். சித்தேரி மலையில் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டவர். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மகள் தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். எட்டாவது வரை படித்த குள்ளம்மாள், எழுத்து எங்கே தென்பட்டாலும் விடமாட்டார். பொட்டலக் காகிதம், லாரியின் பின்பக்கம், சாக்கில் அச்சடித்த ஊர்ப்பெயர், எல்லாவற்றையும் வாய்விட்டே வாசிப்பார்.

கிடங்குக்குத் தகரக் கூரை. மின்விசிறி உண்டு, போட முடியாது. போட்டால் நார் பறந்து கண்ணில் விழும். பங்குனியில் புளியே இளகிக் கையோடு வரும். அந்த வருடம் பங்குனி இரண்டாம் வாரத்திலேயே என் அலைபேசி நாற்பத்தொன்று டிகிரி என்று காட்டியது. ஆண்கள் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்கள். குடித்துவிட்டுப் பின்சுவர்ப் பக்கம் போய் வந்தார்கள். பெண்களுக்கு முன்பு ஓடையோரத்தில் சீமைக்கருவேலங்காடு இருந்தது. அதை வெட்டிச் சமன்செய்து, மஞ்சள் கல் நட்டு, வீட்டுமனை போட்டுவிட்டார்கள். இனி மறைவு என்றால் ஏரிக்கரைதான். போகக் கால் மணி, வரக் கால் மணி. அதனால் யாரும் போகவில்லை. போகாமல் இருப்பதற்காக யாரும் குடிக்கவில்லை. எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் யுவராணி, இருபத்து நான்கு வயதுப் பெண், உட்கார்ந்த வாக்கிலேயே ஒருபக்கம் சாய்ந்தாள். கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. தர்மன் கெட்டவர் இல்லை. தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பென்னாகரத்துக்கு ஓடினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாளாம்.

மறுநாள் கிடங்குக்குள் ஒரு பெரிய தண்ணீர் கேன் ஸ்டாண்டோடு வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே சுவரில், வெயில் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டீஸ். தர்மனே பசை தடவி ஒட்டினார். குள்ளம்மாள் எழுந்து போய் வாசித்தார்.

"தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும்."

"அடுத்த வரியப் படிங்கக்கா," என்றாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிற சசிகலா. "குடிச்சவங்க எங்க போவோணும்னு போட்டிருக்குதா?"

"அது போடலடி."

சாயங்காலம் கேன் நிரம்பியே இருந்தது. தர்மனுக்கு உண்மையிலேயே வருத்தம். "வெச்சாலும் குடிக்க மாட்டேங்கறாங்க பாருப்பா. பொம்பளைங்களுக்குத் தன் ஒடம்பு மேல அக்கறையே கெடையாது," என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். குள்ளம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் கறிவேப்பிலைக் கன்றும், ஒரு வாய்த் தண்ணீரும், மஞ்சள் கற்களும் எனக்குள் ஒரே வரிசையில் வந்து நின்றன.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் குள்ளம்மாள் கேட்டே விட்டார்.

"ஏனுங்க, எங்களுக்கு ரெண்டு கக்கூஸ் கட்டிக் குடுங்க."

"புளி வாயில போடற பொருளு, குள்ளம்மா. பக்கத்துல கக்கூஸ் இருந்தா யாவாரி மூஞ்சியச் சுளிப்பான்."

"பின்செவுத்துல ஆம்பளைங்க போறதப் பாத்துச் சுளிக்கலீங்களா?"

மூட்டையைத் தோளில் வைத்திருந்த கருப்பண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு மாச வேல. அனுசரிச்சுக்கோங்க."

"ஒம்பது வருசமா நாங்க அனுசரிச்சுட்டோமுங்க. இந்த வெயிலு அனுசரிக்கல."

"அடுத்த சீசனுக்குப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் யுவராணி இருக்கோணுமே," என்றார் குள்ளம்மாள். குரலை உயர்த்தவில்லை. தர்மன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு லோடு லாரி வர வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்குக் குள்ளம்மாள் நோட்டீஸ் முன்னால் போய் நின்று அந்த வரியை மறுபடி வாசித்தார். சொம்பைக் கேனுக்கு அடியில் பிடித்தார். அண்ணாந்தார். தொண்டை ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது. சொம்பு காலியாகும் வரை நிறுத்தவில்லை. அவர் விழுங்கி நான் பார்த்தது அன்றுதான். பின்னால் இருபத்தொரு பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

பத்தேகாலுக்கு எல்லோரும் எழுந்தார்கள். சுத்தியல்கள் நின்றதும், வெயிலில் தகரம் விரிகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் அது கேட்டதே இல்லை.

தர்மன் வாசலுக்கு வந்தார். "எங்க கௌம்பிட்டீங்க?"

"ஏரிக்கரைக்குங்க."

"அல்லாருமா?"

"ஒத்தையில போனா பயமுங்க."

"நோட்டீசுல போட்டபடிதான் குடிச்சோம்," என்றாள் சசிகலா. "ஏரிக்கரையும் போட்டிருப்பாங்க. எழுத்துதான் சின்னதா இருந்திருக்கும்."

போனார்கள். அரை மணிக்கு மேல் கழித்து வந்தார்கள். வந்ததும் நோட்டீசைப் பார்த்தார்கள், குடித்தார்கள், உட்கார்ந்து தட்டினார்கள். பன்னிரண்டுக்கு மறுபடி எழுந்தார்கள். ஏற்ற மூட்டை இல்லாமல் கருப்பண்ணன் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு லாரி வந்தபோது பாதி லோடுகூடத் தயாராகவில்லை. அந்த நேரத்தில்தான் பெண்கள் மூன்றாவது முறை எழுந்தார்கள். தர்மன் வாசலை மறித்து நின்றார்.

"குள்ளம்மா, இதெல்லாம் நீ பண்ற வேல. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

குள்ளம்மாளின் மகளுடைய படிப்பு இந்த வேலையில்தான் ஓடுகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

குள்ளம்மாள் திரும்பிப் போய்ச் சொம்பைக் கேனுக்கு அடியில் பிடித்தார். "நாளைக்கு வரலைங்க. இன்னைக்குக் குடிச்சுக்கறேன்."

முதலில் சிரித்தது யுவராணி. "அப்ப எனக்கும் நாளைக்கு லீவுதான்," என்றாள் சசிகலா. பின்னாலிருந்து யாரோ, "எனக்குந்தான்," என்றார்கள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

கிடங்கை ஒட்டித்தான் தர்மனின் வீடு. சத்தம் கேட்டு அவர் மனைவி நிர்மலா காம்பவுண்டு கேட்டுக்கு வந்து நின்றார். தர்மன் அங்கே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "செரி, இன்னைக்கு மட்டும் எங்க வூட்டு பாத்ரூமுக்குப் போயிட்டு வாங்க."

"இருபத்திரண்டு பேருமாங்க?" என்றார் குள்ளம்மாள்.

நிர்மலா குள்ளம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குள்ளம்மாள் இடுப்பில் கையை வைத்து, சாலையில் போகிற பேருந்தைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைகளையும் நான் எடை போட்டுப் பார்த்தேன். முள் எங்கேயும் நிற்கவில்லை.

கருப்பண்ணன்தான் எழுந்தார். "அண்ணா, புளி ஓட்டுக் குவியலுக்கு அந்தப் பக்கம் எடம் சும்மாதான் கெடக்குது. குழி நானே தோண்டறேன். எங்களுக்கும் அந்தச் செவுத்துப் பக்கம் போறது நல்லாவா இருக்குது?"

"இத்தன வருசம் நல்லாத்தான இருந்துச்சு," என்றாள் சசிகலா.

"கை கழுவ ஒரு கொழாயும் போடுங்க," என்றார் குள்ளம்மாள். "சோப்புப் போட்டுக் கழுவாதவங்களப் புளியத் தொட உடமாட்டேன். யாவாரி வந்தா நானே கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்."

தர்மன் நெற்றி வியர்வையை வழித்து உதறினார். கேன் பக்கம் போய் ஒரு டம்ளர் பிடித்து, நின்றபடியே குடித்தார். "மொதல்ல லோடை அனுப்புங்க. கட்டித் தொலைக்கறேன்," என்றார்.

லாரி ஆறு மணிக்குப் போனது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குள்ளம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தர்மன் எதுவும் கேட்கவில்லை. கட்டி முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை பகலில் இரண்டு முறை ஏரிக்கரைக்குப் போய்வர நேரம் விட்டார். சிமெண்டுப் பலகையில் இரண்டு அறைகள், தகரக் கதவு, வெளியே ஒரு குழாய், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. திறந்த அன்று குள்ளம்மாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் போட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "நல்லா விழுகுது," என்றார்.

சித்திரையில் வெயில் இன்னும் ஏறியது. ஒரு கேன் மூன்றானது. யாரும் சாயவில்லை. பின்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கறிவேப்பிலைக் கன்று ஒரு வாரத்தில் வாடிப்போனது, அதற்கு இப்போது நான் ஊற்றுகிறேன். குள்ளம்மாளின் இடுப்பில் ஒரு சாவிதான் இருந்தது. ஒன்றைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சீசன் முடிந்து, தராசைத் துடைத்து மூடிவிட்டுக் கிடங்குச் சாவியைக் கொடுக்கத் தர்மன் வீட்டுக்குப் போனேன். நிர்மலாதான் இருந்தார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டப் போனவர், பக்கத்து ஆணியில் தொங்கிய சின்னச் சாவியைத் தொட்டுக் காட்டினார்.

"இது எங்க வெளி பாத்ரூம் சாவி, தம்பி. குள்ளம்மாக்கா வேலைக்கு வந்த மொத வருசமே அவங்ககிட்டக் குடுத்தேன். நீங்க மட்டும் வந்து போங்க, மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லி. ஒம்பது வருசம் கழிச்சு, போன மாசந்தான் திருப்பிக் குடுத்தாங்க. அன்னைக்கே வேண்டாம்னு திருப்பிக் குடுத்திருந்தா நீ சங்கடப்படுவேன்னு வெச்சிருந்தேன்னாங்க."

பிறகு, ஏதோ தன்மேல் தப்பு இருப்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "ஒரு நாளும் வரலை. பூட்டு துருப்புடிச்சுப் போயி, எண்ணெய் ஊத்தித்தான் தெறந்தேன்."